மீன் தொட்டிக்கு ஸ்டாண்டு: இரும்பா, பலகையா, கல்லா?

வீட்டில் மீன் தொட்டி வைக்க முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் தொட்டிக்கும் ஃபில்டருக்கும் விளக்குக்கும் மீனுக்கும் பணத்தைப் பங்கிட்ட பிறகே ஸ்டாண்டைப் பற்றி யோசிக்கிறார்கள். கையில் மிஞ்சியதைக் கொண்டு கடைக்காரர் காட்டும் மெல்லிய இரும்புச் சட்டத்தை வாங்குகிறார்கள். இல்லையென்றால் மாடியில் சும்மா கிடக்கும் பழைய மேசையை இறக்கித் துடைத்து வைக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஃபில்டர் சரியில்லை என்றால் அரைமணி நேரத்தில் கழற்றி வேறொன்றைப் பொருத்திவிடலாம். ஸ்டாண்டு சரியில்லை என்று பிற்பாடு தெரியவந்தால், மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரை இறைத்து, கூழாங்கல்லை அள்ளி, இரண்டு பேர் பிடித்துத் தொட்டியை இறக்கினால்தான் அதில் கையே வைக்க முடியும்.

முதலில் எடையைக் கணக்கிட்டுக்கொள்வோம். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். நடுத்தர வீடுகளில் அதிகம் வைக்கப்படும் 3 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 191 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் குறைத்து நிரப்பி, அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கூழாங்கல் பரப்பினால், தண்ணீர் ஏறக்குறைய 155 கிலோவும் கல் 30 முதல் 35 கிலோவும் வரும். 8 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 20 கிலோ எடையுள்ளது என்பதால் வெறும் தொட்டியே 33 கிலோ இருக்கும். மூடி, விளக்கு எல்லாம் சேர்த்தால் மொத்தம் 230 கிலோவை ஒட்டி நிற்கிறது; அதாவது நாலரை மூட்டை சிமெண்டை வரவேற்பறையில் நிரந்தரமாக அடுக்கி வைப்பதற்குச் சமம். இதே கணக்கில் 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி தொட்டி 70 கிலோவுக்குள் அடங்கிவிடும்; 4 அடி நீளமுள்ள தொட்டியோ 300 கிலோவைத் தாண்டிவிடும்.

எண்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. நேராகக் கீழே அழுத்தும் எடையைத் தாங்குவது பெரிய காரியமன்று. நான்கு செங்கல் தூண்கள்கூடத் தாங்கும். ஸ்டாண்டு தோற்பது வேறு மூன்று இடங்களில். மேற்பரப்பு சமமாக இல்லாமல் முறுக்கிக்கொண்டிருப்பது முதலாவது. பக்கவாட்டில் தள்ளினால் ஆடுவது இரண்டாவது. ஆண்டுக்கணக்கில் நனைந்து நனைந்து உள்ளுக்குள் கெட்டுப்போவது மூன்றாவது. எந்தப் பொருளில் செய்த ஸ்டாண்டாக இருந்தாலும் இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ‘எவ்வளவு கிலோ தாங்கும்?’ என்று கடையில் கேட்கும் கேள்வி இவற்றில் ஒன்றையும் தொடுவதில்லை.

கண்ணாடி தன் இயல்பில் வளைந்து கொடுக்காத பொருள். ஸ்டாண்டின் நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், தொட்டி மற்ற மூன்று மூலைகளில் உட்கார்ந்துகொண்டு நான்காவது மூலையில் அந்தரத்தில் நிற்கும். தண்ணீர் ஏற ஏற அந்த மூலை கீழே போகப் பார்க்கும், கண்ணாடி தடுக்கும், இரண்டுக்கும் நடுவில் சிலிக்கான் ஒட்டு இழுபடும். அன்றைக்கே உடைந்துவிட்டால் காரணமாவது தெரிந்துவிடும். பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து ஒட்டில் கசிவு தொடங்கும்போது பழி தொட்டி செய்தவர் மேல் விழுகிறது. அடியில் விரிக்கும் 10 அல்லது 12 மி.மீ. தெர்மாகோல் மணல் துகள், ஸ்க்ரூ தலை, பெயிண்டுத் திவலை போன்ற சிறு மேடுகளை விழுங்கிக்கொள்ளும். முறுக்கிய சட்டத்தை அது நேராக்காது. அடிக்கண்ணாடி நேரடியாக உட்காரும் சாதாரணத் தொட்டிகளுக்கே தெர்மாகோல் வேண்டும். பிளாஸ்டிக் சட்டம் போட்ட வார்ப்புத் தொட்டிகளில் எடை முழுவதும் அந்தச் சட்டத்தின் வழியாகவே இறங்கும்படி செய்திருப்பார்கள் என்பதால், அவற்றுக்கு அடியில் தெர்மாகோல் வைத்தால் அது நடுவில் உப்பி அடிக்கண்ணாடியை மேல்நோக்கித் தள்ளும்.

நனைதல் விஷயத்தில் மதுரை வீடுகளுக்கென்று சில தனிக் குணங்கள் உண்டு. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது வாளியிலிருந்தும் டியூபிலிருந்தும் சிந்துவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இங்கே அதோடு வீட்டைக் கழுவி விடும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளிக்கிழமையும் பண்டிகைக்கு முந்தின நாளும் தரையில் தண்ணீர் ஊற்றித் தள்ளும் வீடுகளில் ஸ்டாண்டின் கால்கள் தவறாமல் நனையும். வைகைத் தண்ணீர் வரும் பகுதிகளை விட்டுவிட்டால், புறநகர்களில் பலர் போர் தண்ணீரையே தொட்டிக்கும் பயன்படுத்துகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் சிந்திய இடத்தில் காய்ந்து வெள்ளையாகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். பலகையின் விளிம்பில் இறங்கும்.

வீட்டிலேயே இருக்கும் மரச்சாமான்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. டி.வி. ஸ்டாண்டு, ஷோகேஸ், படிக்கும் மேசை ஆகியவை நடுவில் தொய்வதற்கு இடம் கொடுத்துச் செய்யப்பட்டவை. பல வீடுகளில் சுவரில் பதித்திருக்கும் கடப்பாக்கல் தட்டும் கண்ணை இழுக்கும். அது பாத்திரமும் புத்தகமும் வைப்பதற்காக ஓரத்தில் சில அங்குலம் மட்டும் சுவருக்குள் செருகப்பட்டது. ஒன்றரை அடிக் கிண்ணத் தொட்டி வரை இவற்றில் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மீன் கடைகளில் தொட்டியோடு சேர்த்துக் கொடுக்கும் ஆயத்த இரும்பு ஸ்டாண்டுகளில் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. பெரும்பாலானவை ஓர் அங்குல எல்-ஆங்கிளிலோ மெல்லிய சதுரக் குழாயிலோ அடித்தவை. எல்-ஆங்கிளில் ஒரு வசதி இருக்கிறது. தொட்டி உள்ளே இறங்கி உட்காரும்படி விளிம்பு மேல்நோக்கி நிற்பதால் சறுக்கி விழாது. ஆனால் அந்தப் பள்ளத்தில்தான் சிந்திய தண்ணீர் வெளியேற வழியின்றித் தேங்கும். தொட்டியின் அடியில் நடப்பது வெளியே தெரியாது என்பதால் துரு பிடிப்பது கண்ணில் படும்போது பாதி அரித்திருக்கும். வாங்குவதற்கு முன் இரண்டு சோதனைகளைக் கடையிலேயே செய்துவிடலாம். மேல் சட்டத்தின் எதிரெதிர் மூலைகளுக்கிடையே இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டினால், சட்டம் சமமாக இருக்கும்பட்சத்தில் நடுவில் இரண்டும் லேசாக உரசிக்கொள்ளும். இடைவெளி விட்டாலோ, ஒன்றை ஒன்று அழுத்தினாலோ சட்டம் முறுக்கியிருக்கிறது என்று பொருள். மேலே போன நூலைக் கீழே மாற்றி மறுபடியும் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பிறகு ஸ்டாண்டின் மேல் விளிம்பைப் பிடித்து நீளவாக்கில் தள்ளிப் பார்க்க வேண்டும். வெறும் ஸ்டாண்டே அசைந்தால் 230 கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு அது இன்னும் மோசமாக அசையும்.

பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளும் இரும்பு ஸ்டாண்டுதான் மூன்றடித் தொட்டிக்கு என் முதல் பரிந்துரை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சொல்லிச் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகள் வரை போக வேண்டியதில்லை. கேட்டும் ஜன்னல் கம்பியும் அடிக்கும் வெல்டிங் பட்டறை ஏறக்குறைய ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கிறது. மூன்றடிக்கு ஒன்றரை அடி, இரண்டரை அடி உயரம் என்று அளவைச் சொன்னதும், ‘ஒரு இஞ்ச் டியூபே போதும்ணே, ஆள் ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது’ என்று பதில் வரும். அவர் சொல்வது பொய்யில்லை. ஆள் ஏறி நின்றால் உடையாது. ஆனால் நமக்கு வேண்டியது உடையாத சட்டம் மட்டுமன்று, தொய்யாத சட்டம்.

கணக்கை வெளிப்படையாகவே வைக்கிறேன். மூலை மூட்டுகளின் இறுக்கத்தைச் சேர்க்காமல், முன்சட்டமும் பின்சட்டமும் எடையைப் பாதிப்பாதியாகச் சுமக்கின்றன என்று கொண்டால், 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. கனமுள்ள ஓர் அங்குலச் சதுரக் குழாய் மூன்றடி நீளத்தில் நடுவில் ஏறக்குறைய 5 மி.மீ. தொய்யும். 2 மி.மீ. கனமுள்ள, பட்டறையில் 14 கேஜ் என்று சொல்கிற, ஒன்றரை அங்குலக் குழாய் அதே எடைக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தொய்யாது. மேல்சட்டம், கீழ்ச்சட்டம், நான்கு கால்கள், நடுத்தட்டு, குறுக்குச் சட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 38 அடிக் குழாய் தேவைப்படுகிறது. கடையில் கிடைக்கும் 20 அடி நீளத்தில் இரண்டு. மெல்லிய குழாயில் இது பத்தரைக் கிலோ, கனமான குழாயில் 26 கிலோ. இரும்பு கிலோக் கணக்கில் விற்கப்படுவதாலும், அறுக்கும் கூலியும் வெல்டிங் கூலியும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதாலும், ஐந்து மில்லிமீட்டர் தொய்வை ஒன்றுக்குள் கொண்டுவர நாம் கூடுதலாகக் கொடுப்பது பதினைந்து கிலோ இரும்பின் விலைதான். மீன் தொட்டிச் செலவிலேயே மிகவும் பயனுள்ள செலவு இதுவாகத்தான் இருக்கும்.

நான்கடித் தொட்டிக்கு இதே கனமான குழாயும் நடுவில் கால் இல்லாமல் போதாது. முன்சட்டம் இரண்டரை மி.மீ.க்கு மேல் இறங்கும். அடிக்கு இவ்வளவு என்று எடை ஒரே சீராக இருக்கையில், தாங்கல் இல்லாத நீளம் இரட்டிப்பானால் தொய்வு பதினாறு மடங்காகும். ஆகவே முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொரு காலைச் சேர்த்து ஆறு காலாக அடிப்பது, இன்னும் பெரிய குழாயைத் தேடுவதைவிட மலிவானது, உறுதியானது.

பட்டறையில் கேட்டு வாங்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மூட்டுகளைப் புள்ளி புள்ளியாக டேக் அடித்து விட்டுவிடாமல் நாலு பக்கமும் முழு வெல்டிங் செய்யச் சொல்ல வேண்டும். மேல்சட்டத்தின் மேற்புறத்தில் வெல்டிங் மேடு நிற்காதபடி கிரைண்டரால் சமன் செய்ய வேண்டும். குழாயின் திறந்த வாய்களைத் தகடு வைத்து அடைக்க வேண்டும். இல்லையென்றால் கழுவுகிற தண்ணீர் உள்ளே போய், வெளியே பளபளவென்று இருக்கும் ஸ்டாண்டு உள்ளிருந்து அரிக்கும். ஒவ்வொரு காலின் அடியிலும் மூன்று அங்குலச் சதுரத் தகடு வைத்து, அதன் கீழ் ரப்பர் புஷ் போட்டால் கால் ஈரத்திலிருந்து விலகி நிற்கும், டைல்ஸும் பிழைக்கும். பின்பக்கம் குறுக்காக ஒரு பட்டையாவது அடித்தால் நீளவாக்கு ஆட்டம் நின்றுவிடும். பெயிண்டைப் பொறுத்தவரை, வெல்டிங் கசடைத் தட்டித் தேய்த்த பின் பிரைமர் இரண்டு கை, எனாமல் இரண்டு கை என்ற பழைய முறையையே நான் விரும்புகிறேன். பவுடர் கோட்டிங் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் சிதறினால் துரு அதன் அடியிலேயே ஊர்ந்து பரவுகிறது, வீட்டில் பிரஷ் எடுத்துச் சரிசெய்யவும் முடிவதில்லை. துருப் பிடிக்காதென்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைக் கேட்பவர்கள் வெல்டிங் சூட்டில் மூட்டுகளில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும் என்பதையும், துரு முதலில் அங்கேதான் தொடங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தச் சட்டத்தின் மேல் 18 அல்லது 19 மி.மீ. பிளைவுட் ஒன்றைப் பரப்பி, அதன் மேல் தெர்மாகோல் விரித்துத் தொட்டியை வைக்க வேண்டும். சட்டம் உறுதியைத் தரும், பலகை சமப் பரப்பைத் தரும். பலகையின் நான்கு விளிம்புகளையும் பெயிண்டால் மூடுவது முக்கியம், ஏனென்றால் தண்ணீர் ஏறுவது முகத்தின் வழியாக அல்ல, விளிம்பின் வழியாகத்தான்.

பலகையால் செய்த அலமாரி வகை ஸ்டாண்டுகள் வரவேற்பறைக்கு எடுப்பாக இருக்கும். ஃபில்டரும் பம்பும் வயரும் கதவுக்குள் மறைந்துவிடும். ஆனால் ‘பலகை’ என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கின்றன. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டும், மரநாரை அழுத்திய எம்.டி.எஃப். பலகையும் மேலே லேமினேட் ஒட்டியிருக்கும்வரை கம்பீரமாகத் தெரியும். விளிம்பு நாடா ஓரிடத்தில் விலகி அதில் தண்ணீர் இறங்கினால் அந்த இடம் பொதபொதவென்று உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. உப்பிய இடத்தில் ஸ்க்ரூவும் பிடிப்பதில்லை. மலிவான ஆயத்த அலமாரிகளில் பெரும்பாலானவை இவற்றில் செய்தவையே. மூன்றடித் தொட்டிக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன், தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும்.

பிளைவுட் வேறு. அதிலும் ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரைகளைப் பார்த்து வாங்க வேண்டும். 710 முத்திரை பெற்ற பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்குகள் பிரியாத தரமுள்ளது. தொட்டிக்கு அடியில் இருக்கும் பலகைக்கு அதுவே பொருத்தம். 303-இல் வரும் சாதாரண கமர்ஷியல் பிளைவுட் ஈரம் படாத நடுத்தட்டுக்கும் கதவுக்கும் போதும். அடுத்ததாகப் பார்க்க வேண்டியது செய்திருக்கும் விதம். மேல் பலகை பக்கப் பலகைகளின் தலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது எடை பலகை வழியாகவே நேராகத் தரைக்கு இறங்கும். ஆயத்த அலமாரிகள் பலவற்றில் மேல் பலகை இரண்டு பக்கங்களுக்கு நடுவில் செருகப்பட்டு, சுழற்றி இறுக்கும் சிறு பொருத்திகளிலும் ஸ்க்ரூக்களிலும் தொங்கிக்கொண்டிருக்கும். 230 கிலோவும் அந்த நான்கைந்து ஸ்க்ரூக்களின் கழுத்தில் இருக்கும். பின்பலகையையும் விட்டுவிடக் கூடாது. பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுப்பது அதுதான் என்பதால், குழாய் விடுவதற்காகப் பாதிப் பலகையை அறுத்தெடுக்கும் ஆசாரியிடம் இரண்டு அங்குல ஓட்டை போதும் என்று சொல்லி நிறுத்த வேண்டும். அடியில் ஒரு அங்குல உயரத்துக்கு பி.வி.சி. புஷ்ஷோ கிரானைட் துண்டோ கொடுத்து, பலகை தரையைத் தொடாமல் பார்த்துக்கொண்டால், கழுவுகிற வீட்டிலும் இது பல ஆண்டுகள் நிற்கும்.

கனமரத்தில் செய்வது இன்று செலவு மிகுந்த வழி. தேக்கோ வேங்கையோ வீட்டில் பழைய கதவுநிலையாகவோ உத்திரமாகவோ கிடந்தால் மட்டும் யோசிக்கலாம். நன்றாக உலர்ந்துபோன பழைய மரம் இனிமேல் முறுக்காது என்பது பெரிய லாபம். பச்சையாக அறுத்து வந்த மாமரத்திலோ வேம்பிலோ செய்தால் முதல் சித்திரை வெயிலிலேயே சட்டம் திருகிக்கொள்ளும், நூல் சோதனையில் தோற்கும். துளையிட்டுக் கழுந்து இறக்கிய மூட்டு வேண்டும். ஆணி அடித்த மூட்டு கூடாது. சுவரை ஒட்டி ஈரம் இருக்கும் வீட்டில் கரையான் பயமும் உண்டு.

வரிசையாகத் துளையிட்ட இரும்புப் பட்டைகளை (ஸ்லாட்டட் ஆங்கிள்) போல்ட் போட்டு மாட்டும் ரேக்குகள் கடைச் சரக்குக்குச் சரி. போல்ட் தளரத் தளர ஆடும் என்பதால் தொட்டிக்கு ஆகாது. அலுமினியச் சட்டங்களில் உறுதியானவை விலை கூடியவை. மலிவானவை ஜன்னலுக்கு ஆனவை.

சொந்த வீட்டில், தரைத்தளத்தில், தொட்டி இடம் மாறாது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது: ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி அதன் மேல் கல் பலகை வைப்பது. மேலூர்ப் பக்கம் கிரானைட் வெட்டுகிற ஊர். மதுரையில் சமையல் மேடைக்கு அறுத்தது போக மீந்த துண்டுகள் கிரானைட் கடைகளில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். முழுப் பலகை விலை கொடுக்காமல் மூன்றடி, நான்கடித் துண்டுகளைப் பேசி வாங்கலாம். 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 4 அங்குலக் கனமுள்ள பிளாக்கை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வரிசை வைத்தால், கலவையும் கல்லும் சேர்ந்து 26 அங்குல உயரம் வந்துவிடும்; ஒன்றரை அடி அகலத் தொட்டிக்கு ஒரு பிளாக்கின் நீளமே சுவரின் அகலமாகப் போதும். இந்த ஸ்டாண்டு ஆடாது, உளுக்காது, கழுவினாலும் ஒன்றும் ஆகாது.

கல்லின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அழுத்தினால் தாங்குகிற அளவுக்குக் கல் வளைத்தால் தாங்காது. 20 மி.மீ. கிரானைட்டை இரண்டு ஓரச் சுவர்களில் மட்டும் கிடத்தி மூன்றடித் தொட்டியை வைத்தால், அது பல நாள் நிற்கலாம், ஆனால் கல்லின் வலிமைக்கும் சுமைக்கும் நடுவிலுள்ள பாதுகாப்பு இடைவெளி மிகவும் குறைவு. உள்ளே ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். இரும்பு தொய்ந்து காட்டும், பலகை உப்பிக் காட்டும், கல் காட்டாது. ஆகவே மூன்றடிக்கே நடுவில் மூன்றாவது சுவர் எழுப்புவது அவசியம். கடப்பாக்கல் மலிவு, ஆனால் அது அடுக்கடுக்காகப் படிந்த சுண்ணாம்புக் கல் என்பதால் ஓரம் உரியும், ஒரே பலகையிலேயே கனமும் மாறும். கிரானைட்டின் பாலிஷ் முகம் தரும் சமப் பரப்பை அதில் எதிர்பார்க்க முடியாது. கொத்தனார் ரசமட்டத்தை நீளவாக்கில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடாமல், அகலவாக்கிலும் மூலைவாட்டிலும் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் தெளித்துக் கலவையைப் பதப்படுத்தி, இன்னொரு வாரம் விட்டு எடையை ஏற்றலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்த வழி கிடையாது. மாடி வீட்டுக்கும் வேண்டாம், ஏனென்றால் சுவரும் கல்லுமே நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் சுமை.

மாடியைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. வீட்டு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற அளவை, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 வகுத்திருக்கிறது. மூன்றடித் தொட்டி ஸ்டாண்டோடு சேர்ந்து தன் காலடி இடத்தில் மட்டும் சதுர மீட்டருக்கு 600 கிலோ அளவுக்கு அழுத்துகிறது. இதனால் தளம் இடிந்துவிடும் என்று பொருளில்லை. அந்த அளவு அறை முழுவதும் சுமை பரவியிருப்பதாக வைத்துச் சொல்லப்படுவது, தொட்டியோ அறையில் ஒரு சிறு பகுதியை மட்டுமே பிடிக்கிறது. கான்கிரீட் தளமுள்ள வீட்டில் கீழே சுவரோ பீமோ வரும் இடத்தை ஒட்டி மூன்றடித் தொட்டியை வைப்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. அறையின் நடுவிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியிலும் வைக்கக் கூடாது. நான்கடிக்கு மேல் போகிறவர்கள் பொறியாளரைக் கேட்டுவிடுவது நல்லது. மாசி வீதிகளுக்குள் இன்னும் மிச்சமிருக்கும் மரச்சட்டம் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மச்சு வீடுகளின் மாடியில் பெரிய தொட்டியே வேண்டாம். சுவருக்குள் செருகியிருக்கும் சட்டத்தின் நுனி இற்றுப்போயிருப்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வாஸ்து பார்த்து ஈசானிய மூலையில்தான் தொட்டி இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், அந்த மூலைக்குக் கீழே என்ன தாங்குகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூலை என்பதால் பெரும்பாலும் சுவர் இருக்கும், நம் அதிர்ஷ்டம்.

தரையையும் தட்டிப் பார்க்க வேண்டும். டைல்ஸை நாணயத்தால் தட்டும்போது ‘டொக் டொக்’ என்று வெற்றோசை வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. ஒவ்வொரு காலும் அறுபது கிலோவுக்கு மேல் அழுத்துவதால் அந்த டைல்ஸ் கீறிவிடும். கால் நிற்கும் இடத்தை இரண்டு அங்குலம் நகர்த்தினால்கூடப் பிரச்சினை தீரலாம். கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்காக நம் வீட்டுத் தரைகள் வாசலை நோக்கியோ ஜலதாரையை நோக்கியோ லேசாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவைத் தொட்டிக்கு அடியில் அட்டைத் துண்டு செருகி ஈடுகட்டக் கூடாது. ஸ்டாண்டின் காலடியில் மட்டுமே சரிசெய்ய வேண்டும். பட்டறையில் சொன்னால் காலில் நட்டு வைத்துத் திருகி உயர்த்தும் புஷ் போட்டுத் தருவார்கள்.

இரும்பு ஸ்டாண்டில் மின்சாரம் குறித்து ஒரு வார்த்தை. பிளக் பாயிண்ட் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பதும், வயர் பிளக்குக்குள் போவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்குவதும் நல்லது. வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டு இணைப்பில், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் தொட்டி வைப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்துப் போட்டுவிட வேண்டும்.

ஸ்டாண்டு வந்து இடத்தில் நின்ற பிறகு தொட்டியை ஒரேயடியாக நிரப்பாமல் கால் பங்கு தண்ணீர் விட்டு, நான்கு மூலைகளிலும் தண்ணீர் மட்டத்துக்கும் மேல் விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாதி நிரப்பிய பின்னும், முழுதும் நிரப்பி ஒருநாள் கழித்தும் மறுபடி அளக்க வேண்டும். தொட்டி முழுவதும் ஒரே திசையில் ஓரிரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் கண்ணுக்கு மட்டுமே உறுத்தல். எழுதி வைத்த எண்களுக்குள் வித்தியாசம் நாளுக்கு நாள் கூடினாலோ, ஒரு மூலையில் மட்டும் தொட்டிக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் காகிதம் நுழைந்தாலோ, தண்ணீரை இறக்கிவிட்டு ஸ்டாண்டைப் பார்க்க வேண்டும்.

இன்று இரண்டடித் தொட்டி வாங்கி, கை பழகிய பின் நான்கடிக்குப் போக நினைப்பவர்கள் ஸ்டாண்டை இப்போதே நான்கடிக்குச் செய்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பதுண்டு. இரும்பில் செய்வதானால் செய்யலாம், ஒரு நிபந்தனையோடு. நான்கடிச் சட்டத்தின் நடுவில் வைக்கப்படும் சிறிய தொட்டியின் விளிம்புகள் ஓரச் சட்டத்தின் மேல் உட்காராமல் பலகையின் நடுப்பகுதியில் மட்டுமே நிற்கும். ஆகவே சிறிய தொட்டியின் இரண்டு பக்க விளிம்புகளுக்கும் நேர் கீழே வருமாறு இரண்டு குறுக்குச் சட்டங்களைப் பட்டறையிலேயே அளந்து வைக்கச் சொல்ல வேண்டும். பெரிய தொட்டி வந்த பிறகும் அந்தச் சட்டங்கள் வீணாகாது. பலகையை நடுவில் தாங்கிக்கொண்டு அங்கேயே இருக்கும்.